சாப்பிட மாட்டேங்குற பூனை: கிண்ணம், மாத்திரை, சிரிஞ்ச்

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

பூனைங்க பத்தி முன்னாடி ஒரு எபிசோட் போட்டதிலேர்ந்து வர்ற வாய்ஸ் நோட்ல பாதி ஒரே கேள்விதான். "என் பூனை ரெண்டு நாளா சாப்பிடல, என்ன பண்றது?" கூடவே இன்னொரு வரியும் வரும்: "பசிச்சா தானா சாப்பிடும்னு வீட்ல சொல்றாங்க." இன்னிக்கு அந்த ரெண்டாவது வரியிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். ஏன்னா அந்த அறிவுரை பூனை விஷயத்துல ஆபத்தானது.

பூனை சாப்பிடறதை நிறுத்தினதும் அதோட உடம்பு சேமிச்சு வச்ச கொழுப்பை எடுத்து கல்லீரலுக்கு அனுப்புது. நம்ம உடம்பும் பட்டினியில இதைத்தான் செய்யுது. ஆனா பூனையோட கல்லீரலால அவ்வளவு கொழுப்பை வேகமா கையாள முடியாது. கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தேங்கிடும். டாக்டர்கள் இதை ஹெப்பாட்டிக் லிப்பிடோசிஸ்னு சொல்வாங்க. கல்லீரல் இப்படி ஆனா குமட்டும், குமட்டினா பூனை இன்னும் சாப்பிடாது, சாப்பிடலன்னா இன்னும் கொழுப்பு போய்ச் சேரும். ஒரு சின்னக் காரணத்துக்காகச் சாப்பாட்டை நிறுத்தின பூனை, அந்தக் காரணம் சரியான பிறகும் சாப்பிடாம கிடக்கிறது இப்படித்தான். காது உட்புறமும் ஈறும் மஞ்சளாத் தெரிஞ்சா விஷயம் முத்திடுச்சுன்னு அர்த்தம். இதுல அதிக ரிஸ்க் குண்டுப் பூனைக்குத்தான். "நல்லா கொழுகொழுன்னு இருக்கு, நாலு நாள் தாங்கும்"னு நினைச்சா கணக்கு தலைகீழ்.

அதனால ஒரு கணக்கு வச்சுக்கங்க. வளர்ந்த பூனை முழுசா 24 மணி நேரம் எதுவும் சாப்பிடலன்னா டாக்டருக்கு போன். 48 மணி நேரம் ஆகிட்டா போன் போதாது, தூக்கிட்டுப் போகணும். குட்டின்னா அரை நாளே அதிகம். ஆண் பூனை மணல் டப்பாவுல உக்காந்து முக்குது, மூத்திரம் வரல, சாப்பிடவும் இல்லன்னா மணி பார்க்காதீங்க, உடனே கிளம்புங்க. மூத்திரக் குழாய் அடைச்சிருந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போயிடும். அதே மாதிரி பூ கட்டுற நூல், தையல் நூல் எதையாவது முழுங்கியிருந்து வாய்லயோ பின்னாடியோ நுனி தெரிஞ்சா, இழுக்கவே கூடாது. உள்ள குடலை அறுத்துடும்.

இனிமே வீட்ல நாம செய்யக்கூடியது. முதல்ல ஏன் சாப்பிடலன்னு பாருங்க, அப்புறம்தான் எதைக் குடுக்கறதுன்னு யோசிக்கணும். கிண்ணத்துக்கிட்ட அது என்ன பண்ணுதுன்னு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்து கவனிச்சாலே பாதி தெரிஞ்சிடும். ஆசையா ஓடி வந்து, ஒரு வாய் எடுத்து, கீழ போட்டுட்டு கத்துதா? வாய்ல வலி. பல்லு, ஈறு, நாக்குல புண்ணு, இதுல ஏதோ ஒண்ணு. மோந்து பார்த்துட்டு, உதட்டை நக்கிக்கிட்டே திரும்பிப் போகுதா, எச்சில் ஒழுகுதா? குமட்டல். மூக்கு அடைச்சிருக்கா, தும்மலா? அப்ப அதுக்கு எதிர்ல இருக்கிறது சாப்பாடுன்னே தெரியாம இருக்கலாம். இது எதுவுமே இல்லாம, நேத்து வரைக்கும் சாப்பிட்டதை இன்னிக்கு வேண்டாம்ங்குது, ஆனா ட்ரீட் பாக்கெட் சத்தம் கேட்டா பறந்து வருதுன்னா, அதுதான் நாம சொல்ற பிடிவாதக்காரர். இந்த நாலுல ஒருத்தருக்கு மட்டும்தான் சமையல் தந்திரம் உதவும். மத்த மூணு பேருக்கும் வைத்தியம் வேணும். குமட்டுற பூனை முன்னாடி பத்து விதமான உணவை வரிசையா வச்சுக் காட்டறது, பஸ்ல வாந்தி வர்ற ஆளுக்கு பிரியாணி நீட்டற மாதிரி.

இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. பூனை எந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டப்ப உடம்பு சரியில்லாம இருந்துச்சோ, அந்தச் சாப்பாட்டையே குற்றவாளியா முடிவு பண்ணிடும். அதுக்கப்புறம் குணமானாலும் அதைத் தொடாது. அதனால, நோய்க்காக வாழ்நாள் முழுக்க சாப்பிட வேண்டிய ஸ்பெஷல் உணவு ஏதாவது இருந்தா, அதை உடம்பு ரொம்ப மோசமா இருக்கிற நாள்லயும், ஆஸ்பத்திரிக் கூண்டுக்குள்ளயும் அறிமுகப்படுத்தாதீங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு வேளை நிம்மதியாச் சாப்பிட்ட பிறகு ஆரம்பிக்கலாம்.

சரி, பூனைக்கு ருசி எங்க இருக்கு? பெரும்பாலும் மூக்குலதான். அதுக்கு இனிப்பே தெரியாது. 2005-ல வந்த ஆய்வுல, இனிப்பை உணர்ற ரிசெப்டரோட ஒரு பாதிக்கான ஜீன் பூனைங்க கிட்ட செயலிழந்து கிடக்குன்னு கண்டுபிடிச்சாங்க. "எங்க பூனை ஐஸ்க்ரீம் சாப்பிடுமே"ன்னு சொல்வீங்க. அது அந்தக் கொழுப்புக்காக. பூனைக்குப் பிடிச்சது மாமிசத்தோட உமாமி, கொழுப்பு, அதோட வாசனை. இந்த வாசனையைக் கூட்டறதுக்கு இருக்கிறதுலயே மலிவான வழி சூடு. பூனையோட உடம்பு வெப்பம் சுமார் 38 டிகிரி. அப்பத்தான் பிடிச்ச எலியும் அதே சூடுதான். ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பாதி டின்னை நேரா தட்டுல போட்டா அதுக்கு அது இரையாவே தெரியாது. கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துல அஞ்சு நிமிஷம் வைங்க, இல்ல ஒரு ஸ்பூன் வெந்நீர் ஊத்திக் கலக்குங்க. மைக்ரோவேவ்னா நல்லாக் கிளறி, விரல் வச்சுப் பார்த்துட்டுக் குடுங்க. நடுவுல ஒரு இடம் மட்டும் கொதிக்கும். மூக்கடைச்ச பூனைக்கு, முதல்ல ஈரப் பஞ்சால மூக்கைத் துடைச்சு, ஆவி நிறைஞ்ச பாத்ரூம்ல பத்து நிமிஷம் கூட உக்காந்துட்டு, அப்புறம் இந்தச் சூடான சாப்பாடு. பல தடவை இது மட்டுமே போதுமா இருந்திருக்கு.

மத்த சின்ன விஷயங்களை வேகமாச் சொல்லிடறேன். ஆழமான கிண்ணத்துக்குப் பதிலா தட்டையான தட்டு. மணல் டப்பாவுக்குப் பக்கத்துல சாப்பாடு வேண்டாம். ரெண்டு பூனை இருந்தா நோயாளிக்குத் தனி ரூம், கதவை மூடிடுங்க. கொஞ்சமா, அடிக்கடி. ஒரு மணி நேரத்துல சாப்பிடலன்னா தட்டை எடுத்துடுங்க. நம்ம ஊர் வெயில்ல ஈர உணவு சீக்கிரம் கெட்டுடும், கெட்ட வாசனையே அடுத்த வேளையையும் கெடுக்கும். முக்கியமா, சாப்பிடும்போது குடும்பமே சுத்தி நின்னு பார்க்காதீங்க. யாருக்குத்தான் பிடிக்கும்?

இப்ப வீட்டுச் சாப்பாட்டுக்கு வர்றேன். இங்கதான் எனக்கும் எங்க அம்மாவுக்கும் சண்டை வரும். பால் சாதம், தயிர் சாதம், மீன் குழம்புச் சாதம் சாப்பிட்டு வளர்ந்த பூனைங்களை நாம எல்லாருமே பார்த்திருக்கோம். ஆனா அந்தப் பூனைங்க வெளிய போய் எலி, பல்லி, ஓணான்னு பிடிச்சு மிச்சத்தைச் சரிக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. ஏழாவது மாடி ஃப்ளாட்ல வலை போட்ட பால்கனிக்குள்ள இருக்கிற பூனைக்கு நாம வைக்கிறது மட்டும்தான் உலகம்.

ஒரு 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமாரா 200 கலோரி வேணும். வெறும் சாதம் ஊட்டி இதை எட்டினாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா பூனைக்குப் புரதம்தான் எரிபொருள். புரதம் வரலன்னா தன்னோட தசையையே கரைக்கும். தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி வேகவச்சது 100 கிராம்ல ஏறக்குறைய 165 கலோரி இருக்கு. அதாவது 120 கிராம் சாப்பிட்டா கலோரிக் கணக்கு முடிஞ்சது. நோயாளிப் பூனை ரெண்டு மூணு நாள் இதை மட்டும் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, தாராளமாக் குடுங்க. மாசக்கணக்குல இதையே குடுத்தாதான் பிரச்சினை. எலும்பில்லாத கறியில கால்சியம் கிட்டத்தட்ட இல்ல. வளர்ற குட்டிக்கு இதை மட்டுமே போட்டா உடம்பு எலும்புலேர்ந்து கால்சியத்தை உருவும், சோஃபாலேர்ந்து குதிச்சாலே கால் உடையும்.

அடுத்து டாரின். கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய இந்தப் பொருளைப் பூனையால தேவையான அளவு தானே தயாரிக்க முடியாது. 1987-ல அமெரிக்காவுல பால் பியான்ங்கிற கால்நடை மருத்துவரும் அவர் குழுவும், பூனைங்களுக்கு வந்த ஒரு வகை இதய வீக்கத்துக்குக் காரணம் டாரின் பற்றாக்குறைன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தப் பூனைங்க சாப்பிட்டது கடையில வாங்கின பூனை உணவுதான், அதுலயே அளவு போதாம இருந்துச்சு. அதுக்கப்புறம் கம்பெனிங்க அளவைக் கூட்டினாங்க, அந்த நோய் வெகுவாக் குறைஞ்சிடுச்சு. நமக்கு இதுல ஒரு நடைமுறைப் பாடம் இருக்கு: டாரின் தண்ணில கரையும். கோழி வேகவச்ச தண்ணியைச் சிங்க்ல கொட்டாதீங்க, அதையும் சேர்த்தே ஊத்துங்க. ருசியும் கூடும்.

அந்தத் தண்ணில வெங்காயம், பூண்டு இருக்கவே கூடாது. பூனையோட ரத்தச் சிவப்பணுவை அது உடைச்சுடும், ரத்தசோகை வரும். பச்சையா, வேகவச்சதா, பொடியா, எப்படி இருந்தாலும் அதே கதைதான். ரெடிமேட் சூப் க்யூப்ல இருக்கும், நம்ம குழம்புல இருக்கும். "குழம்பைக் கழுவிட்டுக் குடுத்தேன்"ங்கிறது கணக்குல வராது. கருவாடு வாசனைக்குக் கிண்ணத்துக்கு மேல கொஞ்சமா உதிர்க்கலாம்னு நிறைய பேர் கேட்கறாங்க. உப்பு ரொம்ப அதிகம், கிட்னி, இதயப் பிரச்சினை இருக்கிற பூனைக்கு வேண்டவே வேண்டாம். அதுக்குப் பதிலா உப்பு போடாம வேகவச்ச மத்தியோ நெத்திலியோ ஒரு சின்னத் துண்டு மசிச்சுக் கலக்குங்க. பச்சை மீனைத் தினமும் போடாதீங்க. சில மீன்ல இருக்கிற தையாமினேஸ்ங்கிற என்ஸைம் பி1 வைட்டமினை அழிச்சுடும். பி1 ரொம்பக் குறைஞ்சா பூனையால தலையையே நிமிர்த்த முடியாம போகும்.

எங்க வீட்ல 13 வயசு பூனை ஒண்ணு இருந்துச்சு, பேரு வெல்லம். நாள்பட்ட கிட்னி நோய். கிட்னிக்கான உணவுல பாஸ்பரஸ் குறைச்சிருப்பாங்க, அது ஆயுளை நீட்டும்னு நல்ல ஆதாரம் இருக்கு. வெல்லம் அதை மோந்து பார்த்துட்டு, தரையைக் கீறி, மண்ணு போட்டு மூடற மாதிரி பண்ணுவா. விமர்சனம் அவ்வளவுதான். ஆறு வாரம் ஆச்சு மாத்தறதுக்கு. முதல் வாரம் பழைய உணவுக்குப் பக்கத்துல தனித் தட்டுல ஒரு ஸ்பூன் புதுசு, சும்மா இருக்கட்டும்னு. அப்புறம் பத்துல ஒரு பங்கு கலந்து நாலு நாள், ரெண்டு பங்கு நாலு நாள். சாப்பிடற அளவு குறைஞ்சா ஒரு படி பின்னாடி. இந்த ஆறு வாரமும் சமையல் தராசுல ஒரு கூடையை வச்சு, வாரம் ரெண்டு தடவை எடை பார்த்து எழுதினோம். தராசு இல்லாம இதைச் செய்யவே முடியாதுன்னு இன்னிக்கும் நினைக்கிறேன். 4 கிலோ பூனை 400 கிராம் இளைச்சா கண்ணுக்குத் தெரியாது, முடி மறைச்சிடும். ஆனா அது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைச்ச மாதிரி. எங்க டாக்டரம்மா அப்ப சொன்னது ஒண்ணு உண்டு: சரியான உணவைச் சாப்பிடாம இருக்கிறதைவிட, தப்பான உணவைச் சாப்பிடறது மேல். கடைசி மாசங்கள்ல வெல்லத்துக்கு கிட்னி உணவை விட்டுட்டு அவ கேட்டதைக் குடுத்தோம். அதுவும் டாக்டர்கிட்ட பேசி எடுத்த முடிவுதான்.

சப்ளிமென்ட் பக்கம் வருவோம். முதல் கேள்வி, வேணுமா? நல்ல முழுமையான பூனை உணவு சாப்பிடற ஆரோக்கியமான பூனைக்குத் தேவையில்ல. எனக்கு இதுல கொஞ்சம் கோபமே உண்டு, ஏன்னா கடைல கவுண்டர் பூரா டானிக் பாட்டில்தான். பூனை சளிக்கு லைசின் பேஸ்ட் இன்னமும் விக்கறாங்க. 2015-ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை மொத்தமாப் பார்த்து, பலன் இல்ல, குடுக்கறதை நிறுத்துங்கன்னு எழுதிட்டாங்க. மீன் ஈரல் எண்ணெய், ஈரல் ரெண்டையும் "சத்து"ன்னு அளவில்லாம ஊட்டினா வைட்டமின் ஏ உடம்புல தேங்கி கழுத்து எலும்பே இறுகிடும். நம்ம வைட்டமின் டி மாத்திரை பூனைக்கு விஷம். இதையும் இங்கயே சொல்லிடறேன்: காய்ச்சலா இருக்கேன்னு பாராசிட்டமால் ஒரு துணுக்குகூடக் குடுக்காதீங்க. ஒரே மாத்திரை கொன்னுடும்.

நிஜமாத் தேவைப்படற இடங்களும் உண்டு. குடல் நோய் உள்ள பூனைக்கு பி12, பெரும்பாலும் ஊசியா போடுவாங்க. கிட்னிப் பூனைக்குச் சில நேரம் பொட்டாசியம். பாஸ்பரஸைப் பிடிச்சுக்கிற பவுடர், அதைச் சாப்பாட்டோட குடுத்தாதான் வேலை செய்யும், ஏன்னா சாப்பாட்டுல இருக்கிற பாஸ்பரஸைத்தான் அது குடல்லயே கட்டிப்போடுது. வீட்டுச் சமையல்லயே வளர்க்கணும்னா கால்சியம், டாரின் உட்பட முழு ரெசிபியே டாக்டர்கிட்ட எழுதி வாங்கணும்.

குடுக்கிற விதத்துல ஒரே விதி: முழுச் சாப்பாட்டுலயும் கலக்காதீங்க. கசப்பு தெரிஞ்சுடுச்சுன்னா மருந்தும் போச்சு, அந்த வேளைச் சாப்பாடும் போச்சு, அந்த பிராண்டும் போச்சு. நல்ல பசியா இருக்கிற நேரம் பார்த்து, ரொம்பப் பிடிச்சதுல ஒரே ஒரு ஸ்பூன் எடுத்து அதுல கலந்து குடுங்க, முடிஞ்சதும் சாதா சாப்பாடு. பவுடர்னா முதல் நாளே முழு டோஸ் போடாம, ஊசி முனை அளவுல ஆரம்பிச்சு ஒரு வாரத்துல ஏத்துங்க. அவசர மருந்துக்கு இது பொருந்தாது, சப்ளிமென்ட்டுக்கு மட்டும். மாத்திரைக்கு, ட்யூப்ல வர்ற க்ரீம் ட்ரீட் நல்லா உதவும். மூணு உருண்டை உருட்டுங்க: முதல்ல வெறும் உருண்டை, அடுத்தது மாத்திரை உள்ளது, மூணாவதைக் கண்ணுக்கு முன்னாடியே நீட்டிக்கிட்டு இருங்க. மூணாவதுக்கு அவசரப்பட்டு ரெண்டாவதை முழுங்கிடும். கசப்பு அதிகமான மாத்திரையைப் பொடிச்சா வாய் பூரா நுரை தள்ளும், பார்க்கவே பயமா இருக்கும். அதுக்குச் சின்ன காலி ஜெலட்டின் கேப்சூல்ல போட்டுக் குடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. எதைப் பொடிக்கலாம், எதைக் கூடாதுன்னும் கேட்டுக்கங்க. மெதுவா கரையறதுக்காகச் செஞ்ச மாத்திரையை உடைச்சா மொத்த டோஸும் ஒரேயடியா இறங்கிடும்.

கையாலதான் போடணும்னா பூனையை உங்களுக்கு முதுகு காட்டி உக்கார வச்சு, துண்டுல சுத்தி, தலையை மேல இருந்து கன்ன எலும்பு ரெண்டு பக்கமும் பிடிச்சு, மூக்கு மேல பார்க்கிற மாதிரி சாய்ங்க. தாடை தானாக் கொஞ்சம் திறக்கும். நாக்கோட பின் பக்கம் நடுவுல மாத்திரையைப் போட்டு வாயை மூடுங்க. இதோட முடிஞ்சிடுச்சுன்னு விட்டுடாதீங்க. தண்ணி இல்லாம முழுங்கின மாத்திரை பூனையோட உணவுக்குழாய்லயே பல நிமிஷம் ஒட்டிக்கிட்டு நிக்கும். டாக்ஸிசைக்ளின், க்ளிண்டமைசின் மாதிரி மருந்து அப்படி நின்னா அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, குழாயே சுருங்கிடும். அதனால 5, 6 மி.லி. தண்ணி சிரிஞ்ச்ல, இல்லன்னா ஒரு ஸ்பூன் ஈர உணவு, கட்டாயம்.

கடைசியா ஒரு கேள்வி, மதுரையிலேர்ந்து ஒரு தோழி அனுப்பினது: "சிரிஞ்ச்ல சாப்பாட்டை அரைச்சு ஊட்டலாமா?" கேட்கறதுக்கு அன்பா இருக்கு, ஆனா நான் இதைக் கடைசி வரிசையிலதான் வைப்பேன். 200 கலோரியை ஒரு மனமில்லாத பூனைக்குள்ள சிரிஞ்ச்ல இறக்கறது ரொம்பக் கஷ்டம், தப்பி நுரையீரலுக்குப் போனா நிமோனியா, வலுக்கட்டாயமா ஊட்டின உணவை அது அப்புறம் வெறுக்கவும் செய்யும். டாக்டர் சொல்லி ஒண்ணு ரெண்டு வேளை செய்யணும்னா, தலை நிமிராம நேரா இருக்கட்டும், கடைவாய்ப் பக்கமா அரை மி.லி., முழுங்கினதைப் பார்த்துட்டு அடுத்த அரை.

அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்க வேண்டிய ரெண்டு கேள்வி இருக்கு. "குமட்டலுக்கு மருந்து குடுத்தாச்சா?" மாரோபிடன்ட், ஆண்டான்செட்ரான் மாதிரி மருந்து அதுக்குன்னே இருக்கு. "பசியைத் தூண்ட ஏதாவது குடுக்கலாமா?" மிர்டசபின்னு ஒரு மருந்து, மனுஷங்களுக்கு மனச்சோர்வுக்குக் குடுக்கிறது, பூனைக்குப் பசியைக் கிளப்பும். அமெரிக்காவுல 2018-ல, இளைச்சுப்போற பூனைங்களுக்காக இதைக் காதுல தடவற களிம்பாவே அங்கீகரிச்சாங்க. மாத்திரை சாப்பிடாத பூனைக்கு வேற என்ன வேணும்! ஆனா மனுஷ மாத்திரையை நீங்களே உடைச்சுக் குடுக்காதீங்க. பூனைக்கான அளவு ரொம்பச் சின்னது, கூடிப்போனா ராத்திரி பூரா கத்திக்கிட்டே நடக்கும். கிட்னி, கல்லீரல் நோய் இருந்தா ரெண்டு டோஸுக்கு நடுவுல இடைவெளியும் மாறும்.

இதெல்லாம் பண்ணியும் சாப்பிடலன்னா டாக்டர் ஃபீடிங் ட்யூப் பத்திப் பேசுவாங்க. அந்த வார்த்தையைக் கேட்டதும் "ஐயோ, வேண்டாம், கஷ்டப்படுத்த வேண்டாம்"னு நிறைய பேர் எழுந்து வந்துடறாங்க. கழுத்துப் பக்கமா உணவுக்குழாய்க்குள்ள வைக்கிற அந்த ட்யூபோட பூனை வீட்ல நடக்கும், தூங்கும், மடியில உக்காரும், பசி திரும்பினதும் வாயாலயும் சாப்பிடும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் வாயைப் பிடிச்சுத் திறக்கற சண்டை இல்ல, மாத்திரையைக் கரைச்சு அது வழியாவே குடுத்துடலாம். ஃபேட்டி லிவர் வந்த பூனைங்க பல வாரம் இப்படிச் சாப்பிட்டுத்தான் பிழைச்சு வருது. எடுத்த பிறகு ஓட்டை பெரும்பாலும் தையல் இல்லாமலே மூடிக்கும். அதனால மதுரைத் தோழி, உங்க பூனைக்கு இன்னிக்கு மூணாவது நாள்னு சொன்னீங்க. இந்த எபிசோடை முழுசாக் கேட்டு முடிக்காட்டிகூடப் பரவாயில்ல, கூடையை எடுத்துட்டுக் கிளம்புங்க. போகும்போது அது கடைசியா என்ன சாப்பிட்டுச்சு, எத்தனை மணிக்கு, எத்தனை தடவை வாந்தி, எடை எவ்வளவுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கங்க. அங்க போனதும் முதல்ல அதைத்தான் கேட்பாங்க.